பத்து நிமிடத்துக்கு எவ்வளவு இலக்கியம்? மாணவர் உரைக்குத் தலைப்புத் தேடும் வழி

"சிலப்பதிகாரம் – ஓர் ஆய்வு" என்று பலகையில் எழுதிவிட்டுப் பேசத் தொடங்கிய ஒரு மாணவரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கொடுத்த நேரம் பத்து நிமிடம். ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களுக்கு இரண்டு நிமிடம் போனது. இளங்கோவடிகளின் துறவுக்கு மூன்று. மூன்று காண்டம், முப்பது காதை என்ற கணக்குக்கு ஒன்று. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுக் கிளம்பும்போது மணி அடித்துவிட்டது. கண்ணகி பாண்டியன் வாயிலுக்கு வந்து சேரவே இல்லை.

நன்றாகப் படித்துவிட்டு வந்தவர்தான். குரலும் கணீரென்று இருந்தது. கவிழ்த்தது தலைப்பு. முப்பது காதையையும் பத்து நிமிடத்துக்குள் அடைக்கச் சொன்னால் யாராலும் ஆகாது. முதன்முதலாக இலக்கியம் பற்றி வகுப்பில் செமினார் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். எப்படிப் பேசுவது என்று பயந்துகொண்டே இருப்பார்கள். எதைப் பேசுவது என்பதை மட்டும் அவசரத்தில் முடிவு செய்துவிடுவார்கள். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். தலைப்புக்கு ஒரு வாரம் கொடுங்கள். தலைப்புச் சரியாக அமைந்தால் பேச்சில் பாதி தானாக வரும்.

முதலில் தாளைப் படியுங்கள்

ஆசிரியர் கொடுத்த குறிப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். எத்தனை நிமிடம்? கேள்வி நேரம் அதற்குள்ளா, வெளியிலா? எந்தக் காலத்து இலக்கியம்? மதிப்பெண் பேச்சுக்கா, கருத்துக்கா? ஐந்து நிமிட வேலை இது. தெரியாததைக் கேட்டுவிடுங்கள். குறிப்பாக இதைக் கேளுங்கள்: "ஒரே ஒரு பாடலை மட்டும் எடுத்துக்கொண்டு பேசலாமா?" நூல் முழுவதையும் பேசினால்தான் மதிப்பெண் என்று மாணவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பாடலோடு வருகிறேன் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கும் ஆசிரியர்கள்தான் அதிகம்.

தடுக்கி விழுந்த இடம்

இனி, இணையத்தில் "செமினார் தலைப்புகள்" என்று தேடாதீர்கள். அங்கே கிடைக்கும் பட்டியல் யாரோ ஒருவருடைய பசிக்குச் சமைத்தது. உங்கள் பாடநூலையோ, நீங்கள் ஏற்கெனவே படித்த கதையையோ எடுத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு இரண்டு மூன்று மாலை உட்காருங்கள். அழகான வரிக்குக் கோடு போட வேண்டாம்; அழகான வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "ஆகா" என்பதற்கு மேல் நகர்வது கடினம். நீங்கள் தடுக்கி விழுந்த இடத்துக்குக் கோடு போடுங்கள்.

தடுக்குவதில் மூன்று விதம் உண்டு. "இதென்ன?" என்று புரியாமல் நிற்பது ஒன்று. "இது சரியா?" என்று மனம் மறுப்பது இன்னொன்று. "இதை வேறெங்கோ கேட்டிருக்கிறேனே" என்று ஒரு பழைய குரல் காதில் விழுவது மூன்றாவது. கோட்டுக்குப் பக்கத்தில் எந்த விதம் என்று ஓர் எழுத்துக் குறித்து வையுங்கள்.

முதல் விதத்துக்கு ஒரு மாதிரி. குறுந்தொகையைப் புரட்டுகிறீர்கள். "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று தொடங்கும் 40ஆம் பாடலைப் பாடியவர் பெயர் செம்புலப்பெயனீரார். அடுத்த பாடலுக்கு அணிலாடு முன்றிலார். 131ஆம் பாடலுக்கு ஓரேருழவர். 305க்கு வந்தால் குப்பைக் கோழியார். இப்படியும் ஒருவருக்குப் பெயர் இருக்குமா என்று தோன்றுகிறதல்லவா? அங்கே நில்லுங்கள். இயற்பெயர் தெரியாத இந்தப் புலவர்களுக்கு, அவர்கள் பாட்டில் வரும் தொடரையே பெயராகச் சூட்டிவிட்டார்கள். இது உரைக் குறிப்பில் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி. அதைப் படித்துவிட்டுக் கடந்து போகாமல், ஒருவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு அந்தத் தொடரில் என்ன இருக்கிறது என்று யோசித்தால், உரைக்கான விதை கிடைத்துவிட்டது.

இரண்டாவது விதம்தான் எனக்குப் பிடித்தது. திருக்குறளில் ஊழ் அதிகாரத்தில் வரும் 380ஆம் குறள் "ஊழிற் பெருவலி யாவுள" என்று கேட்கிறது. ஊழைவிட வலியது எது என்று பொருள். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வரும் 620ஆம் குறள், தளராமல் முயல்கிறவர்கள் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்கிறது. ஊழையே புறமுதுகு காட்டி ஓடச் செய்வார்களாம். ஒரே புலவர், ஒரே நூல். இதில் எதை நம்புவது? இந்த எரிச்சல் வந்தால் விட்டுவிடாதீர்கள். வள்ளுவரிடமே கேள்வி கேட்பதா என்று தயங்கவும் வேண்டாம். உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலையே அதுதான்.

மூன்றாவது விதம் ஒப்பீடாக முடியும். கம்பனில் இராமனின் கால்துகள் பட்டு அகலிகை கல்லிலிருந்து பெண்ணாகிறாள். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' கதையில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேள்விப்பட்டு அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டலாம்: அந்தக் கல். ஒப்பீட்டுத் தலைப்பு எடுப்பவர்கள் இந்த ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கம்பனும் பாரதியும்" என்று இரண்டு மலைகளை எடுத்து நடுவே ஓர் "உம்" போட்டால் அது ஒப்பீடாகிவிடாது.

பெயரைக் கேள்வியாக்குதல்

இப்போது உங்களிடம் ஆறேழு கோடுகள் இருக்கும். அவற்றில் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் கேள்விக்குறியில் முடியும் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

"குறுந்தொகையில் உவமைகள்" என்பது ஒரு பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு. உள்ளே எதை வேண்டுமானாலும் போடலாம், போட்டுக்கொண்டே இருக்கலாம். "ஓர் உவமை ஒரு புலவரின் பெயராகவே மாற வேண்டுமென்றால் அதில் என்ன இருக்க வேண்டும்?" என்பது உங்களை இழுத்துக்கொண்டு போகும். உடனே கை தானாக மூன்று பாடல்களுக்குப் போகிறது. தலைவன் பிரிந்தபோது, மக்கள் விட்டுப்போன ஊரில் அணில் விளையாடும் முற்றத்தோடு கிடக்கும் வீடுபோலத் தான் ஆகிவிடுவதாகச் சொல்கிறாள் ஒருத்தி. ஒற்றை ஏர் மட்டும் வைத்திருப்பவனுக்கு, ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டுமே என்று வரும் பதற்றம், ஊர் திரும்பும் தலைவனின் பதற்றம். குப்பைமேட்டில் தாமாகவே சண்டை போட்டுக்கொள்ளும் கோழிகளைப்போல, என் நோயை விலக்கிவிடவும் ஆளில்லை என்கிறாள் இன்னொருத்தி. மூன்றுமே கண்ணால் தினமும் பார்த்துச் சலித்த காட்சிகள். மூன்றிலும் அந்தக் காட்சி ஒரு மனநிலையாக மாறிவிடுகிறது. பாருங்கள், கேள்வியை எழுதியதுமே பதிலின் எலும்புக்கூடு வந்துவிட்டது.

கேள்வியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் பதிலைக் கேட்டுவிட்டு "இல்லை, எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று சொல்ல வகுப்பில் ஒருவராவது இருப்பாரா? "குறளில் அறக்கருத்துகள் உள்ளனவா?" என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்வார்? எல்லாரும் தலையாட்டும் தலைப்பில் வகுப்பு தூங்கிவிடும்.

இதே இடத்தில் இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். "சங்க இலக்கியத்தில் அறிவியல்", "சங்க இலக்கியத்தில் மேலாண்மை" போன்ற தலைப்புகள் எளிதாகத் தோன்றும். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பாட்டில் இல்லாத ஒன்றைப் பாட்டுக்குள் திணித்துவிட்டு, இருப்பதைப் பார்க்காமல் போய்விடுவீர்கள். பெருமைப்பட மட்டுமே உதவும் தலைப்பை ஒதுக்கிவிடுங்கள் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாத ஆசிரியர்களும் உண்டு.

ஆசிரியரின் வாழ்க்கை வரலாறும் அப்படித்தான். பிறந்த ஆண்டு, ஊர், விருதுகள் என்று அடுக்குவது நேரத்தை நிரப்பும். படைப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

நிமிடக் கணக்கு

மேடையில் நிதானமாகப் பேசினால், என் கணக்கில், நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு தமிழ்ச் சொற்கள் போகும். உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்: ஒரு பக்கத்தை உரக்கப் படித்து, கடிகாரத்தைப் பார்த்து, சொற்களை எண்ணுங்கள். நூறு என்றே வைத்தால் பத்து நிமிடம் என்பது ஆயிரம் சொல். கையெழுத்தில் ஐந்தாறு பக்கம் வரும், அவ்வளவுதான். அறிமுகத்துக்கு ஒரு நிமிடம், பாடலைப் படித்துப் பொருள் சொல்ல இரண்டு, முடிப்பதற்கு ஒன்று என்று கழித்தால் மீதம் ஆறு. ஆறு நிமிடத்தில் இரண்டு கருத்தை நன்றாக விளக்கலாம். மூன்றாவதை இழுத்துப் பிடித்துச் சொல்லலாம். நான்காவதற்கு இடமில்லை.

ஆகவே கேள்வியை இந்த ஆறு நிமிடத்துக்கு வெட்ட வேண்டும். தொடக்கத்தில் சொன்ன மாணவரின் சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். முப்பது காதையில் மதுரைக் காண்டத்துக்குப் பதின்மூன்று. அதில் ஒன்று வழக்குரை காதை. அந்த ஒரு காதையும் பத்து நிமிடத்துக்குப் பெரிதுதான். இன்னும் வெட்டுங்கள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் அரசன். என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இட்ட கல், "மணியுடை அரியே" (மாணிக்கம்) என்கிறாள் கண்ணகி. எங்கள் சிலம்பில் இருப்பது "முத்துடை அரியே" என்கிறான் அவன். சிலம்பை உடைக்கிறாள், மணி தெறிக்கிறது. வழக்கு முடிந்தது. இப்போது கேட்டுப் பாருங்கள்: "கண்ணகி இந்த வழக்கை வென்றது சீற்றத்தாலா, சான்றாலா?" முப்பது காதையிலிருந்து ஒரு சிலம்பின் பரலுக்கு வந்துவிட்டோம். பேச நிறைய இருக்கிறது, ஆனாலும் பத்து நிமிடத்துக்குள் அடங்கும்.

வெட்டும்போது வயிறு கலங்கும். "இவ்வளவு படித்தேனே, அதையெல்லாம் சொல்லாமல் விடுவதா?" என்று தோன்றும். விட்டது வீணாகாது. கேள்வி நேரத்தில் யாராவது இழுத்தால் அங்கே எடுத்துக் கொடுக்கலாம்.

காதால் மட்டும் கேட்பவருக்கு

கட்டுரைக்குப் பொருந்தும் தலைப்பு பேச்சுக்குப் பொருந்தாமல் போகலாம். கட்டுரை படிப்பவர் இரண்டு பக்கம் திருப்பிப் பின்னே போவார். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு பெயரைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

எனவே மூன்று தலைமுறைக் குடும்பக் கதையைச் சொல்லும் பெரிய நாவல் உங்களுக்கு உயிராகவே இருந்தாலும் முதல் உரைக்கு வேண்டாம். யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். கதையை ஐந்து வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தத் தலைப்பை வேறொரு நாளுக்கு எடுத்து வையுங்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை என்றால் இந்தச் சிக்கல் இல்லை. கண்ணகியை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

தெரிந்ததில் தெரியாத மூலை என்பது பேச்சுக்கு மிகவும் ஏற்றது. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற வரியைத் தெரியாதவர் இல்லை. புறநானூறு 192ஆம் பாடல் அந்த ஒரு வரியோடு முடிவதில்லை, பதின்மூன்று வரி. பேராற்று நீரின் போக்கில் செல்லும் புணைபோல (தெப்பம்போல) உயிர் தன் முறைவழியே போகிறது என்று சொல்லி, ஆகையால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை என்று முடிகிறது. எல்லாரும் முதல் வரியிலேயே இறங்கிவிடுகிறார்கள். கடைசி வரிவரை பயணம் செய்தால் முதல் வரியின் பொருள் மாறுகிறதா? இப்படித் தொடங்கும் உரையைக் கேட்க வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

சோதனை எளிது. இலக்கியம் படிக்காத ஒரு நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் கேள்வியையும் பதிலையும் ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். மறுநாள் அவரிடமே திரும்பக் கேளுங்கள். கேள்வி அவருக்கு நினைவிருந்தால் தலைப்பு தேறிவிட்டது. "ஏதோ சிலம்பு பற்றிச் சொன்னாயே" என்றால் இன்னும் ஒருமுறை வெட்ட வேண்டும். ஸ்லைடு இருக்கிறதே, அதில் எழுதிக் காட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பேசும்போது அவர்கள் ஸ்லைடைப் படிப்பார்கள். உங்களைக் கேட்க மாட்டார்கள்.

கையில் என்ன இருக்கிறது?

தலைப்பை அறிவிக்கும் முன் நூலகத்துக்கு ஒருமுறை நடந்துவிடுங்கள். மூலம் வேண்டும். நம்பத்தக்க உரை ஒன்று வேண்டும். முடிந்தால், நீங்கள் சொல்லப்போவதை மறுக்கும் ஒருவர் எழுத்தும் வேண்டும். குறுந்தொகைக்கு உ.வே.சாமிநாதையர் உரையோடு 1937இல் வெளிவந்த பதிப்பு இருக்கிறது, மறுபதிப்புகளும் கிடைக்கின்றன. இணையத்தில் என்றால், 1998 முதல் தன்னார்வலர்கள் மின்னாக்கம் செய்துவரும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் பழைய நூல்களின் மூலம் இருக்கிறது. மின்பதிப்பில் எழுத்துப் பிழை இருக்கக்கூடும் என்பதால், மேடையில் வாசிக்கப்போகும் வரிகளை மட்டுமாவது அச்சு நூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நடை எதற்கு என்றால், சில தலைப்புகளில் எதிர்பாராத பள்ளம் இருக்கும். சிலப்பதிகாரம் என்றாலே அடியார்க்குநல்லார் உரை நினைவுக்கு வரும். அந்த உரையை நம்பி வழக்குரை காதையைத் தலைப்பாக எடுத்தால் திண்டாடுவீர்கள். ஊர்சூழ் வரி என்ற காதையோடு அது நின்றுவிடுகிறது. அடுத்தது வழக்குரை காதைதான். சரியாக ஒரு காதைக்கு முன்னால். பழைய உரையில், கடினமான சொற்களுக்குப் பொருள் சொல்லும் அரும்பதவுரை மட்டுமே துணை. மற்றபடி இக்கால உரைகள். இது முன்பே தெரிந்தால் சிக்கலில்லை. முந்தின நாள் இரவு தெரிந்தால் சிக்கல்.

குறள் தலைப்பிலும் ஒரு பொறி உண்டு. 380, 620 இரண்டுமே தத்தம் அதிகாரத்தின் கடைசிக் குறள்கள். "வள்ளுவர் வேண்டுமென்றே இரண்டையும் முடிவில் வைத்திருக்கிறார்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால், "அது யார் வைத்த வரிசை?" என்று ஆசிரியர் கேட்பார். நாம் பயன்படுத்தும் வரிசை பரிமேலழகர் உரையைப் பின்பற்றியது. அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பழைய உரையாசிரியர்களிடையே மாறுபடுகிறது. இப்படி வரக்கூடிய மூன்று கேள்விகளை ஊகித்து எழுதிப் பாருங்கள். மூன்றுக்கும் ஓரளவு பதில் இருந்தால் போதும்.

வாட்ஸ்அப்பில் வந்த மேற்கோளையோ, செயற்கை நுண்ணறிவுச் செயலி எடுத்துக் கொடுத்த பாடல் எண்ணையோ அப்படியே மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். நூலில் கண்ணால் பார்க்காத வரி உங்கள் வரியல்ல. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டால்

பல இடங்களில் பட்டியலிலிருந்துதான் தலைப்பு வரும். "பாரதியும் பெண்விடுதலையும்" உங்கள் கையில் விழுந்தது என்று வையுங்கள். சலித்துக்கொள்ளாமல் அந்தப் பெரிய வீட்டுக்கு ஒரு சின்னக் கதவு தேடுங்கள். 'புதுமைப் பெண்' கவிதையை எல்லாரும் எடுப்பார்கள். பாரதி 'சக்கரவர்த்தினி' என்ற பெண்கள் மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் என்பது பலருக்கு நினைவிருக்காது. கவிதையில் பெண்ணைப் பற்றிப் பேசும் குரலும், பெண்களையே வாசகராக வைத்துக்கொண்டு எழுதும் உரைநடைக் குரலும் ஒன்றுதானா? கொடுத்த தலைப்பு அப்படியே இருக்கட்டும், கேள்வி உங்களுடையது.

உங்கள் தலைப்பை வேறொருவர் முந்திக்கொண்டு எடுத்துவிட்டாலும் இதே மருந்துதான். அவர் எடுக்காத பாடலை எடுங்கள்.

கடைசியில் பெயர் சூட்டல்

தலைப்பின் சொற்களை எல்லாவற்றுக்கும் பிறகு எழுதுங்கள். "ஓர் ஆய்வு", "ஒரு பார்வை", "பன்முக நோக்கு", "ஒரு மீள்வாசிப்பு" என்ற வால்கள் எதுவும் வேண்டாம்; வெட்டிவிட்டுப் படித்தால் பொருள் ஒன்றும் குறையாது. ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போனால் அறிவிப்பவர் மூச்சுத் திணறுவார். கேள்வியையே தலைப்பாக வைக்கலாம். அல்லது பாட்டிலிருந்து ஒரு தொடரை எடுத்து முன்னால் வைத்து, எந்த நூல் என்பதைப் பின்னால் சேர்க்கலாம்.

பிறகு ஆசிரியரிடம் ஒரு சிறு சீட்டுக் கொடுங்கள். மூன்று வரி போதும்:

தலைப்பு: மணியா, முத்தா? – சிலப்பதிகாரத்தில் ஒரு வழக்கு.

பகுதி: வழக்குரை காதையில் கண்ணகிக்கும் பாண்டியனுக்கும் நடக்கும் உரையாடல் மட்டும்.

இப்போதைக்கு என் பதில்: அவள் சீற்றத்தோடு வந்தாலும், வென்றது சான்றைக் காட்டித்தான்.

மூன்றாவது வரியில் "இப்போதைக்கு" என்ற சொல் இருக்கட்டும். தயாரிக்கும்போது அந்தப் பதில் மாறிவிட்டால் பழைய பதிலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. மாறிய கதையையே பேச்சின் நடுவில் சொல்லிவிடலாம். ஆசிரியர் சீட்டைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ஸ்லைடு செய்ய உட்காருங்கள். அதற்கு முன் வேண்டாம்.